மார்க்கமும் சட்டமும் வாய்ப்பூட்டும்

(அட்டாளைச்சேனைப் பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



இன்று நாம் எடுத்துக்கொண்ட விடயம் இலேசானதன்று. வயலுக்கு நீர் வராவிட்டால் இவ்வூரில் உரத்துப் பேசுகிறோம். ஒலுவில் துறைமுகத்தை அடுத்த கரையைக் கடல் அரித்துச் சென்றபோது உரத்துப் பேசினோம். ஆசிரியர் இடமாற்றம் என்றாலும், பிரதேச சபை வரவு செலவு என்றாலும் நம் குரல் குறைவதில்லை. ஆனால் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம் என்று ஒருவர் வாயெடுத்தால் மட்டும் குரல் தாழ்கிறது, கதவு சாத்தப்படுகிறது. "இது மார்க்கம், வாய் திறவாதே" என்கிறது ஒரு பக்கம். "முஸ்லிம்களின் சட்டத்தையே ஒழித்துக்கட்டு" என்கிறது மறு பக்கம். இவ்விரு கூச்சலுக்கும் நடுவே, காதியாரின் முன்றலில் தாபரிப்புக்காகக் காத்திருக்கும் பெண்ணின் குரல் எவர் செவியிலும் விழுவதில்லை. அந்தக் குரலுக்கு இடம் வேண்டும் என்று கேட்கவே இங்கு வந்திருக்கிறோம்.

மூன்று கேள்விகளை உங்கள் முன் வைக்கிறோம். இந்தச் சட்டம் யார் ஆக்கியது? அதைத் திருத்த வருகின்ற அரசு நடுநிலையான அரசா? இதைப்பற்றிப் பேச யாருக்கு உரிமை உண்டு?

யார் ஆக்கிய சட்டம்?

குர்ஆன் இறைவாக்கு என்பது முஸ்லிம்களின் ஈமான். அதில் எவரும் கைவைக்கவில்லை; கைவைக்க எவருக்கும் உரிமையுமில்லை. ஆனால் 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கச் சட்டம் வானத்திலிருந்து இறங்கியதன்று. அது கொழும்பிலே, முஸ்லிமல்லாதவர்கள் பெரும்பான்மையாக அமர்ந்திருந்த பாராளுமன்றத்திலே நிறைவேற்றப்பட்டது; 1954 ஆகஸ்ட் 1 ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் 1929 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இருந்தது. அதற்கும் முன் 1806 இல் ஆங்கிலேயர் வெளியிட்ட முகம்மதியர் சட்டத் தொகுப்பு இருந்தது. அத்தொகுப்பின் வேரோ ஒல்லாந்தர் பத்தாவியாவிலிருந்து கொண்டுவந்த சட்டத்தில் இருக்கிறது. ஒல்லாந்தர் கொணர்ந்ததை ஆங்கிலேயர் திருத்தினர். ஆங்கிலேயர் திருத்தியதை இலங்கைப் பாராளுமன்றம் மாற்றியது. இத்தனை கைகள் பட்ட ஒரு சட்டத்தில் இன்னொரு கை படக்கூடாது என்பது என்ன நியாயம்?

இன்னும் சொல்வோம். இச்சட்டத்தின் உள்ளே "கைக்கூலி" என்ற சொல் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட சட்டத்திலே நம் தமிழ்ச் சொல் அப்படியே நிற்கிறது! பெண்ணின் உபயோகத்துக்கென்று மாப்பிள்ளையிடம் பெண் வீட்டார் கொடுக்கும் பணமும் பொருளும் கைக்கூலி எனப்படும். அதைத் திரும்பப் பெற மனைவி காதியிடம் முறையிடலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கைக்கூலி எந்த வசனத்தில் இருக்கிறது? எந்த ஹதீஸில் இருக்கிறது? மார்க்கம் விதித்தது, மணமகன் மணமகளுக்குக் கொடுக்கும் மஹர். நம் ஊர் வழக்கோ அதைத் தலைகீழாக்கியது. அந்த வழக்கத்தைக் கண்டு, அதனால் பெண்ணுக்கு நட்டம் வரக்கூடாது என்று சட்டம் இயற்றியவர்கள் ஓர் ஏற்பாடு செய்தார்கள். அதாவது, சமூகத்தின் நடப்பைப் பார்த்து மனிதர் ஆக்கிய சட்டம் இது என்பதற்கு, சட்டமே சாட்சி சொல்கிறது.

இந்தக் கரையின் வழக்கங்களை எண்ணிப் பாருங்கள். இங்கே வீடு பெண்ணுக்கு உரியது. மகளுக்கு ஒரு வீடு கட்டிக் கொடுப்பதற்காகத் தகப்பன் வயலை ஈடு வைக்கிறான். தாய் மத்திய கிழக்குக்கு விமானம் ஏறுகிறாள். கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருக்கிறான். தாய்வழிக் குடிமுறை இருக்கிறது. குடிக்கு ஒரு மரைக்காயர் இருக்கிறார். இவை எல்லாம் அரபு நாட்டிலிருந்து வந்தவையா? இந்த மண்ணில், பக்கத்துத் தமிழ் ஊர்களோடு கலந்து வாழ்ந்த வாழ்விலே விளைந்தவை. இவற்றால் எவருடைய இஸ்லாமும் குறைந்துவிடவில்லை. அப்படியிருக்க, பெண்ணொருத்தியின் ஒப்பத்தைத் திருமணப் பதிவிலே சேர்த்தால் மட்டும் இஸ்லாம் குறைந்துவிடுமா?

சட்டத்தில் உள்ளது என்ன?

சட்டத்தைப் படிக்காமலே அதற்காகச் சண்டை பிடிப்பவர்கள் நம்மில் பலர். ஆகவே அதில் உள்ளதைச் சொல்கிறோம்.

பன்னிரண்டு வயது நிரம்பாத சிறுமியின் விவாகத்துக்குக் காதியின் அனுமதி வேண்டும் என்கிறது 23 ஆம் பிரிவு. அப்படியானால் பன்னிரண்டு நிரம்பியவளுக்கு? அனுமதியும் வேண்டியதில்லை! 1995 இல் இந்நாட்டின் பொதுச் சட்டத்திலே திருமண வயது பதினெட்டாக உயர்த்தப்பட்டது. அந்தப் பாதுகாப்பு முஸ்லிம் சிறுமிக்கு எட்டவில்லை. தண்டனைச் சட்டக் கோவையின் 363 ஆம் பிரிவு, பதினாறு வயதுக்குட்பட்ட பெண்ணோடு கூடுவதை, அவள் சம்மதித்தாலும், குற்றமென்கிறது. ஆனால் பன்னிரண்டு வயதைத் தாண்டிய மனைவியாயின் குற்றமில்லை என்று ஒரு விலக்கு வைக்கிறது.

திருமணப் பதிவுக்கு மணமகனின் பிரகடனம் வேண்டும். வலீயின் பிரகடனம் வேண்டும். நிக்காஹை நடத்தியவரின் பிரகடனம் வேண்டும். மணமகளின் ஒப்பத்தைச் சட்டம் கேட்கவில்லை. யாருடைய வாழ்வு பதிவாகிறதோ அவளுடைய கை மட்டும் அந்தத் தாளிலே படவில்லை.

காதி ஆணாக இருக்க வேண்டும். காதிகள் சபையினரும் ஆண்களாக இருக்க வேண்டும். விவாகப் பதிவாளரும் ஆணாக இருக்க வேண்டும். கணவன் தலாக் கூறுவதற்குக் காரணம் காட்ட வேண்டியதில்லை. மனைவி பஸஹ் கோரினால் சாட்சிகளைக் கொண்டுவந்து நிறுவ வேண்டும். மறுமணம் செய்ய விரும்பும் கணவன் காதிக்கு அறிவித்தல் கொடுத்தால் போதும். முதல் மனைவியின் சம்மதம் வேண்டியதில்லை.

சட்டத்தரணிகளாகிய நாம் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். காதி நீதிமன்றத்திலே எவர் சார்பிலும் சட்டத்தரணி தோன்றக்கூடாது என்பது 74 ஆம் பிரிவு. செலவில்லாமல், சிக்கலில்லாமல் வழக்கு முடியட்டும் என்ற நல்ல நோக்கமே அதற்குக் காரணமாயிருக்கலாம். ஆனால் பயன் என்ன? கையிலே குழந்தையோடு வரும் பெண், தன் படுக்கையறைத் துயரத்தை, முன்பின் அறியாத ஆண்களின் முன்னே, துணைக்கு ஓர் அறிவுரையாளர்கூட இல்லாமல் தன் வாயாலேயே சொல்ல வேண்டியவளாகிறாள். கோழி திருடியவனுக்குச் சட்டத்தரணி உண்டு. தாபரிப்புக் கேட்கும் தாய்க்கு இல்லை!

இவை எல்லாம் ஷரீஅத் என்கிறார்கள். சரி, உலகத்தைப் பார்ப்போம். 1956 இல் துனீசியா பலதார மணத்தையே தடை செய்தது. 2004 இல் மொரோக்கோ திருமண வயதைப் பதினெட்டாக்கியது. "அவர்கள் மாலிக்கி மத்ஹபினர், நாம் ஷாபிஈக்கள்" என்று யாரேனும் சொல்லலாம். நம்மைப் போலவே ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றும் இந்தோனேசியா 2019 இல் பெண்ணின் திருமண வயதைப் பத்தொன்பதாக உயர்த்தியது. ஷாபிஈ மத்ஹபு வேரூன்றிய மலேசியாவிலே 2010 இல் பெண்கள் ஷரீஆ நீதிபதிகளாக நியமிக்கப்பட்டார்கள். அங்கெல்லாம் இஸ்லாம் அழிந்துவிட்டதா? அங்கே நீதியாயிருப்பது அட்டாளைச்சேனையிலே மட்டும் குப்ராகிவிடுமா?

குழுக்களின் கதை

திருத்தம் கேட்பது நேற்று முளைத்த பேச்சும் அன்று. 1990 இல் கலாநிதி ஷஹாப்தீன் தலைமையில் ஒரு குழு ஆராய்ந்தது. 2009 இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. ஒன்பது ஆண்டுகள் சென்றன! 2018 ஜனவரியில் அறிக்கை கையளிக்கப்பட்டபோது குழு இரண்டாகப் பிளந்து நின்றது. 2021 இல் அமைச்சரவை சில முடிவுகளை எடுத்தது. அவ்வாண்டு முடிந்தபோதும் அவை சட்டமாகவில்லை.

குழு அமைக்கப்பட்ட 2009 ஆம் ஆண்டிலே இக்கரையில் ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தால், 2021 இல் அவளுக்கு வயது பன்னிரண்டு. பெரியவர்கள் கூடிக் கூடிப் பேசிக்கொண்டிருந்த காலத்திற்குள்ளே, காதியின் அனுமதியும் தேவைப்படாத வயதை அவள் எட்டிவிட்டாள். தாமதம் நடுநிலை ஆகாது, நண்பர்களே! தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் யாரோ ஒருத்தியின் கணக்கிலே பற்று எழுதப்படுகிறது.

அரசு நடுநிலையானதா?

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். நம் மக்கள் அஞ்சுவதற்குக் காரணமில்லையா? உண்டு, ஏராளமாக உண்டு.

சுதந்திரம் பெற்றபோது இருந்த சோல்பரி அரசியலமைப்பின் 29(2) ஆம் பிரிவு, ஒரு மதத்தாருக்கு இல்லாத சலுகையை இன்னொரு மதத்தாருக்குக் கொடுக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்ற முடியாது என்று தடுத்தது. 1972 இல் அந்த வேலி பிடுங்கப்பட்டது. பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுக்கப்பட்டது. 1978 அரசியலமைப்பின் 9 ஆம் உறுப்புரை அதையே மீண்டும் உறுதி செய்தது. 10 ஆம் உறுப்புரை சிந்தனைக்கும் மனச்சாட்சிக்கும் மதத்துக்கும் சுதந்திரம் தருகிறது என்பதும் உண்மையே. ஆனால் ஒரு மதத்தைக் காக்கவும் பேணி வளர்க்கவும் கடமைப்பட்ட அரசு, மற்ற மதங்களுக்கிடையே நடுவராக நிற்பது எப்படி? மதச்சார்பின்மை என்பது மதத்தை ஒழிப்பதன்று. எந்த மதத்தின் கோலையும் அரசு கையில் எடுக்காதிருப்பதும், எந்த மதத்தாரின் முதுகிலும் அக்கோல் விழாதிருப்பதுமே மதச்சார்பின்மை.

அந்தக் கோல் நம் முதுகில் விழுந்ததை மறந்துவிட்டோமா? 2020 ஏப்ரலில் கொரோனாவால் இறந்தவர்களின் உடல்களை எரிக்கவே வேண்டும் என்று வர்த்தமானி வந்தது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறியது, அரசு கேட்கவில்லை. 2021 பெப்ரவரி முடிவு வரை, முஸ்லிம்களின் ஜனாஸாக்களும், அடக்கம் செய்ய விரும்பிய கிறிஸ்தவர்களின் உடல்களும் எரிக்கப்பட்டன. பின்னர் ஓட்டமாவடியிலே இடம் கொடுத்தார்கள்.

அதே 2021 அக்டோபரில் "ஒரே நாடு ஒரே சட்டம்" என்று ஜனாதிபதி செயலணி ஒன்று அமைக்கப்பட்டது. தலைவர் யார்? கலகொட அத்தே ஞானசார தேரர்! 2014 இல் அளுத்கமவிலே முஸ்லிம்களுக்கு எதிராக முழங்கியவர். நீதிமன்ற அவமதிப்புக்காக 2018 இல் சிறைத்தண்டனை பெற்று, 2019 இல் ஜனாதிபதி மன்னிப்பில் வெளிவந்தவர். முதலில் அமைக்கப்பட்டபோது அந்தச் செயலணியிலே ஒரு தமிழரும் இல்லை. யாழ்ப்பாணத்துத் தேசவழமையின்கீழ் மணமான பெண் தன் காணியை விற்கக் கணவனின் எழுத்துச் சம்மதம் கேட்க வேண்டியிருப்பதைப்பற்றி அந்த முழக்கம் எழுப்பியவர்கள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அவர்கள் கண் காதி நீதிமன்றத்தின் மீது மட்டுமே விழுந்தது. பெண்ணின் நீதி அவர்கள் நோக்கமாயிருந்தால் அரசியலமைப்பின் 16(1) ஆம் உறுப்புரையை முதலில் எடுத்திருப்பார்கள். பழைய சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரணாயிருந்தாலும் செல்லும் என்று சொல்லும் உறுப்புரை அது. முஸ்லிம் பெண்ணையும், யாழ்ப்பாணத் தமிழ்ப் பெண்ணையும், கண்டிச் சிங்களப் பெண்ணையும் ஒரே கயிற்றால் கட்டிவைத்திருப்பது அந்த உறுப்புரைதான்!

வாய்ப்பூட்டு

மூன்றாவது கேள்வி: யார் பேசலாம்?

2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கச் சட்டம், குடியியல் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயத்தின் பெயரால் வந்தது. மத வெறுப்பைத் தூண்டி வன்முறைக்கு ஏவுவதைத் தடுக்கிறது அதன் 3 ஆம் பிரிவு. நோக்கம் நல்லது. ஆனால் மேல் நீதிமன்றத்தைத் தவிர எவரும் பிணை வழங்க முடியாது. அதுவும் விசேட காரணம் இருந்தால் மட்டுமே. இந்த வாள் யார்மீது விழுந்தது?

சக்திக சத்குமார ஒரு சிங்கள எழுத்தாளர். பௌத்த விகாரையைக் களமாகக் கொண்டு ஒரு சிறுகதை எழுதினார். 2019 ஏப்ரல் 1 ஆம் திகதி பிடிக்கப்பட்டு, நான்கு மாதங்களுக்கு மேல் சிறையிலிருந்தார். 2021 இல் விடுவிக்கப்பட்டார். ரம்ஸி ராஸிக் முஸ்லிம் எழுத்தாளர். பேனாவாலும் விசைப்பலகையாலும் கருத்துப் போர் செய்வோம் என்று எழுதினார். "ஜிஹாத்" என்ற ஒரு சொல்லுக்காக 2020 ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை அடைக்கப்பட்டார். அவருடைய உரிமைகள் மீறப்பட்டன என்று 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்துப் பத்து இலட்சம் ரூபா நட்டஈடு விதித்தது. மன்னாரைச் சேர்ந்த கவிஞர் அஹ்னாப் ஜஸீம் "நவரசம்" என்ற தமிழ்க் கவிதைத் தொகுதியை 2017 இல் வெளியிட்டார். வன்முறையைக் கண்டிக்கும் கவிதைகளும் அதில் உண்டு. தமிழ்க் கவிதையைப் படித்தறிய முடியாதவர்கள் அதைப் பயங்கரவாதம் என்றார்கள். 2020 மே மாதம் முதல் பத்தொன்பது மாதங்கள் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் அவர் தடுப்பிலும் விளக்கமறியலிலும் கிடந்தார். 2023 டிசம்பரில் நிரபராதியென விடுவிக்கப்பட்டார்.

இனி எதிர்ப்புறத்தைப் பாருங்கள். 2016 இல் இஸ்லாத்தை இழித்துப் பேசிய ஞானசார தேரருக்குக் கொழும்பு மேல் நீதிமன்றம் தண்டனை விதித்தது 2024 இல். எட்டு ஆண்டுகள்! அந்த எட்டு ஆண்டுகளுக்கு இடையில்தான் அவர் செயலணித் தலைவரானார். எழுத்தாளனுக்கு மறுநாளே விலங்கு. வெறுப்பைப் பரப்பியவருக்கு முதலில் ஆசனம், பிறகு விசாரணை!

பேச்சுச் சுதந்திரத்துக்கு எல்லையே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. 2018 பெப்ரவரியில் அம்பாறை நகரிலே, முஸ்லிம் உணவகத்துச் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலக்கப்பட்டதென்று ஒரு வதந்தி பரவியது. அன்றிரவே பள்ளிவாசல் தாக்கப்பட்டது. பின்னர் பரிசோதித்தபோது அது வெறும் மாவு! "அடி, எரி" என்று கூட்டத்தை ஏவுவது வேறு, "இது சரியா?" என்று கேட்பது வேறு. முன்னதைச் சட்டம் தண்டிக்கட்டும். பின்னதைத் தண்டிக்கும் சட்டம், இன்று மற்றவனுக்கென்றால் நாளை நமக்கு.

நம் கையிலுள்ள பூட்டு

அரசின் பூட்டைப்பற்றிப் பேசும்போது கைதட்டினீர்கள். இப்போது நம் கையிலுள்ள பூட்டைப்பற்றியும் பேச விடுங்கள்.

ஏறாவூரிலே பிறந்த எழுத்தாளர் ஸர்மிளா ஸெய்யித், 2012 இல் பிபிசி தமிழோசைக்கு அளித்த செவ்வியிலே, பாலியல் தொழிலைச் சட்டபூர்வமாக்கினால் அதில் சிக்கிய பெண்களுக்குப் பாதுகாப்புக் கிடைக்கும் என்ற கருத்தைச் சொன்னார். அக்கருத்து சரியா பிழையா என்று வாதாடலாம். நம்மில் பலருக்கு உடன்பாடில்லாமலிருக்கலாம். வாதாடினார்களா? இல்லை. அச்சுறுத்தினார்கள். அவர் நாட்டை விட்டே போக நேர்ந்தது. 2015 இல் அவர் கொல்லப்பட்டார் என்று பொய்ச் செய்தியும் பரப்பினார்கள். 2004 இல் காத்தான்குடியிலே, கொள்கையில் வேறுபட்ட ஸூபி வழியினரின் வீடுகள் எரிக்கப்பட்டன. எரித்தவர்கள் சிங்களப் பேரினவாதிகள் அல்லர்!

அஹ்னாபுக்காகக் கண்ணீர் விடும் நாம் ஸர்மிளாவுக்காக வாய் திறந்தோமா? சத்குமாரவை அடைத்த பிக்குகளைக் கண்டிக்கும் நாம், நம்மவர் ஒருவர் கேள்வி கேட்டால் "முர்தத்" என்று முத்திரை குத்துவதில்லையா? காதி நீதிமன்றத்திலே தான் பட்டதைச் சொல்லும் பெண்ணை "வெளிநாட்டுப் பணத்துக்குப் பேசுகிறாள்" என்று ஏசுவதில்லையா? நமக்கு ஒரு தராசு, பிறருக்கு ஒரு தராசு என்று வைத்திருப்பவனுக்கு நீதி கேட்கும் தகுதி இல்லை. அளவையிலும் நிறுவையிலும் மோசம் செய்வோரைக் கண்டிக்கும் மார்க்கத்தையே நாம் பின்பற்றுகிறோம் என்பதை நினைவூட்டுகிறோம்.

"நம் எதிரிகள் சுற்றி நிற்கும் இந்த நேரத்திலா இதைப் பேசுவது?" என்று கேட்கும் நண்பர்களும் உண்டு. அவர்கள் அச்சத்தை நாம் மதிக்கிறோம். ஆனால் 1990 இல் பேசியிருந்தால், 2009 இல் முடித்திருந்தால், 2021 இல் ஞானசார தேரரின் கையிலே அந்த ஆயுதம் கிடைத்திருக்குமா? நம் வீட்டுக் கூரையை நாம் வேயாமல் விட்டதால்தான், கூரையைப் பிரிக்கிறேன் என்று அடுத்தவன் ஏணியோடு வருகிறான். திருத்தம் நம் பெண்களின் வாயிலிருந்தும், நம் ஆலிம்களின் ஆய்விலிருந்தும், நம் சட்டத்தரணிகளின் எழுத்திலிருந்தும் வந்தால் அது சீர்திருத்தம். செயலணியிலிருந்து வந்தால் அது தண்டனை.

நம் கோரிக்கைகள்

ஆகவே இக்கூட்டத்தின் முன் இவற்றை வைக்கிறோம். விவாக வயது, விலக்கின்றிப் பதினெட்டாக வேண்டும். மணமகளின் ஒப்பம் இன்றி விவாகம் பதியப்படக் கூடாது. பெண்களும் காதிகளாகவும் பதிவாளர்களாகவும் வர வழி திறக்க வேண்டும். காதி நீதிமன்றத்துக்கு முறையான கட்டடமும், பயிற்சி பெற்ற காதியும், தகுந்த ஊதியமும், விரும்பியவர்க்குச் சட்டத்தரணியும் வேண்டும். பொதுச் சட்டத்தின்கீழ் மணம் புரிய விரும்பும் முஸ்லிம்களுக்கு அந்தக் கதவும் திறக்கப்பட வேண்டும். 16(1) ஆம் உறுப்புரை நீக்கப்பட வேண்டும். பயங்கரவாதத் தடைச் சட்டம் ஒழிய வேண்டும். 2007 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிணை விதி மாற வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இவை பற்றிப் பள்ளிவாசல் முற்றத்திலும், ஆசிரியர் கலாசாலையிலும், பெண்கள் கூடும் இடத்திலும் அச்சமின்றிப் பேச இடம் வேண்டும்.

இவற்றுள் எதையேனும் மறுக்க விரும்பும் ஆலிம்கள் இருந்தால், இதே மேடைக்கு வரட்டும். ஒலிபெருக்கியை அவர்கள் கையில் கொடுக்கிறோம். அவர்கள் பேசி முடிக்கும் வரை குறுக்கிடாமல் கேட்போம். பிறகு, காதியின் முன் நின்று வந்த ஒரு சகோதரி பேசட்டும். அவளையும் குறுக்கிடாமல் கேட்கும் பொறுமையை நமக்கு நாமே பழக்கிக்கொள்வோம். அந்தப் பொறுமையிலிருந்துதான் நல்ல சட்டம் பிறக்கும்.